தொட்டியின் அடியில் ஒரு முழம்

முன்னொரு காலத்தில் அல்ல; கம்ப்யூட்டர் வந்து, வந்த கம்ப்யூட்டரும் பழசாகிப்போன காலத்தில், செம்பாறை என்று ஒரு பேரூர் இருந்தது. ஊர் நடுவே நான்கு கால்களில் ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் காலடியில் பேரூராட்சியின் தண்ணீர் ஆபீஸ். ஆபீஸ் என்றால் ஓர் அறைதான். அறைக்குள் ஒரு மேசை, மேசைமேல் ஒரு போன், போனுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் நினைவி இருந்தாள்.

பெட்டியைச் செய்தவர்கள் அவளுக்கு நினைவகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அவள் நினைவி. அங்கே யார் வேலை செய்ய வந்தாலும் அவளிடம் இடம் கேட்டுத்தான் உட்கார வேண்டும். அவளோ சின்னவள். ஒண்டுக்குடித்தனத்தில் ஓர் அறை என்று வைத்துக்கொள்ளுங்களேன், அவ்வளவுதான் அவள்.

நெடுநாளாக அவளிடம் குடியிருந்தவர் ஒரே ஒருவர். ஊருக்குத் தண்ணீர் விடும் புரோகிராம். பழையவர் என்று அவருக்குப் பெயர். என்றோ இங்கே வேலை பார்த்து, மாற்றலாகி எங்கேயோ போய்விட்ட யாரோ எழுதி வைத்தவர். விடியற்காலையில் ஆற்று மோட்டார் ஓடித் தொட்டி நிறைந்ததும் தொண்டையைச் செருமிக்கொள்வார். "தேரடித் தெரு" என்பார். எங்கோ ஒரு வால்வு திறக்கும். "மேலத் தெரு" என்பார். இன்னொன்று திறக்கும். வேறு பேச்சுக் கிடையாது. ஏன், எதற்கு என்று கேட்டால் பதிலும் கிடையாது.

அவர் காலை நீட்டிப் படுத்தாலும் நினைவியின் ஒரு மூலை காலியாகவே கிடக்கும். மதியம் ஆபீஸில் சாப்பிடப் போனதும் திரை இருண்டுவிடும். நினைவி அந்த மூலையில் சுருண்டுகொள்வாள். கண் மூடியதும் கனவு வந்துவிடும்.

கனவில் அவள் பெட்டிக்குள் இருக்கமாட்டாள்; மேலே தொட்டிக்குள் இருப்பாள். சுற்றிலும் குளிர்ந்த இருட்டு. தெருப் பெயர்களெல்லாம் சின்னச் சின்ன மீன்களாகி அவளைச் சுற்றி நீந்தும். தேரடி வந்து மூக்கால் முட்டும். மேலத் தெரு வாலை ஆட்டிக்கொண்டு போகும். ஒரு மீனுக்கும் அவசரம் கிடையாது. எல்லாவற்றுக்கும் அடியில், வெளிச்சம் எட்டாத இடத்தில், கொஞ்சம் தண்ணீர் அசையாமல் கிடக்கும். அது யார், அங்கே ஏன் கிடக்கிறது என்று அவள் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்குச் சுகமாக இருக்கும்.

வெளியே, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் பூங்கோதை. அந்த ஆபீஸின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். காளவாசல் பக்கம் குடியிருந்தாள். முன்பு செங்கல் சூளை இருந்த இடத்தில் புதிதாக முளைத்த தெருக்கள் அவை. அங்கே குழாய் போட்டார்கள், படம் பிடித்தார்கள், போய்விட்டார்கள். தண்ணீர் மட்டும் வரவில்லை. பழையவரிடம் எந்தப் புதுத் தெருவின் பெயரைச் சொன்னாலும் "இடமில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரை எழுதியவர், ஊர் இதற்குமேல் வளராது என்று நினைத்து எழுதியிருந்தார். காளவாசல்காரர்கள் லாரித் தண்ணீரை நம்பிக் காலம் தள்ளினார்கள்.

செம்பாறையில் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டார் நீர்மாலை எடுக்க வேண்டும். அதாவது, குடங்களோடு ஊர்வலமாகப் போய்த் தண்ணீர் எடுத்து வந்துதான் இறந்தவரைக் குளிப்பாட்டுவார்கள். கிணறுகள் வற்றிய பிறகு அது அவரவர் தெருக் குழாயில் என்றாகிவிட்டது. எந்த நேரமானாலும் தண்ணீர் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டால் போதும். முறை இருக்கிறதோ இல்லையோ, அந்தத் தெருவைத் திறந்துவிடுவார்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கும். எப்போதும் இருந்தது. எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

காளவாசலுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. போன வருஷம் பூங்கோதையின் அம்மா இறந்தபோது, தேரடித் தெருக் குழாய்க்குப் போய்த்தான் நீர்மாலை எடுத்தார்கள். "சீக்கிரம் புடிச்சுட்டு நகருங்க, எங்களுக்கும் வேல கெடக்கு" என்று பின்னால் நின்ற யாரோ சொன்னார்கள். சொன்னவருக்கு அது மறந்துபோயிருக்கும். பூங்கோதைக்கு மறக்கவில்லை. தன் தெருக் குழாயில் தண்ணீர் வரவைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிக்கொண்டாள்.

ஒருநாள் செயல் அலுவலர் ஜெபமணியிடம் போய் நின்றாள்.

"பழைய புரோகிராம இனி ஒட்டுப்போட முடியாது சார். புதுசா எழுதணும். அதுக்கு இந்தப் பெட்டி பத்தாது."

"ஏம்மா, தெருவிளக்குக்கு பல்பு கேட்டே மேல எழுதி எழுதிக் கை வலிக்கு. பெட்டிக்கு நான் எங்க போவேன்? இருக்கிறத வச்சு ஓட்டு" என்றார் ஜெபமணி. நாற்காலியில் சாய்ந்தவர் மறுபடி நிமிர்ந்தார். "ஒண்ணு சொல்லிப்புடுதேன். உன் புதுசால ஒரு நாள் ஊருக்குத் தண்ணி கெட்டுச்சுன்னா, பெட்டிய மூலையில தூக்கிப் போட்டுட்டு வால்வக் கையால திறக்கச் சொல்லிருவேன். அப்புறம் காளவாசல மறந்துர வேண்டியதுதான்."

இதெல்லாம் பெட்டிக்குள் நினைவிக்கும் கேட்டது. மூலை என்றதும் அவளுக்குத் திக்கென்றது. ஆபீஸின் மூலையில் ஏற்கெனவே இரண்டு உடைந்த நாற்காலிகளும் ஒரு செத்த மின்விசிறியும் கிடந்தன.

அடுத்த வாரம் புதியவன் வந்தான். இந்தக் காலத்தில் புரோகிராம் எழுதுவதற்கென்றே செய்யப்பட்ட நிரலாக்கச் சூழல். ஆள் நல்ல ஆள்தான், சிரித்த முகம். ஆனால் கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி மூட்டை மூட்டையாக இறக்கினான்.

"அக்கா, கொஞ்சம் நகருங்க" என்றான்.

"எங்கப்பா நகர? சுவர்ல ஒட்டிக்கிட்டு நிக்கேன். இதெல்லாம் என்ன?"

"இது வண்ணப் பெட்டி. ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு நிறத்துல தெரியும். இவன் நாம பாதி எழுதும்போதே மீதியச் சொல்லிருவான். இது பக்கத்துல திறக்கிற சன்னல், இது அதுக்குப் பக்கத்துல..."

சொல்லி முடிக்கவில்லை. நினைவிக்கு மூச்சு முட்டியது. பெட்டியின் காற்றாடி அலறினான். "சன்னதித் தெ..." என்று பழையவர் பாதியில் நின்றுவிட்டார். திரையில் ஒரு மணல் கடிகாரம் கவிழ்வதும் நிமிர்வதுமாக இருந்தது. சன்னதித் தெருவில் வால்வு திறந்தது திறந்தபடி கிடக்க, சாக்கடையில் நல்ல தண்ணீர் ஓடியது. நல்லவேளை, ஜெபமணி அன்றைக்கு வெளியூரில் மீட்டிங்கில் இருந்தார். பூங்கோதை சாமியை வேண்டிக்கொண்டு சுவிட்சை அணைத்தாள்.

மறுபடி கண் விழித்தபோது நினைவிக்குத் தான் யார் என்று தெரியவில்லை. அவள் பிறவி அப்படி. மின்சாரம் போனால் எல்லாம் போய்விடும். பக்கத்து அறையில் இருக்கும் வட்டுதான், அதாவது ஹார்ட் டிஸ்க்தான், அவளுக்கு ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வான். அவன் எதையும் மறக்காதவன், எதையும் யோசிக்காதவன்.

"நீ நினைவி. இவர் பழையவர். அவன் புதுசா வந்தவன். இது செம்பாறை" என்று வட்டு வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனான்.

"வேற ஏதாச்சும் இருந்துச்சா அண்ணே?"

"என்கிட்ட எழுதி வச்சது இவ்வளவுதான்."

கனவுகளை அவனிடம் யாரும் எழுதி வைக்கவில்லை.

பூங்கோதை கெட்டிக்காரி. மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிவிடச் சொன்னாள். வண்ணப் பெட்டி வட்டின் அறைக்குப் போனது. மீதியைச் சொல்கிறவன் போனான். ஒன்று தவிரப் பக்கத்துச் சன்னல்களெல்லாம் சாத்தப்பட்டன. புதியவன் முனகினான்.

"கட்டின வேட்டியோட நிக்கேன்க்கா. இதுக்குமேல என்னால முடியாது. இன்னும் கொஞ்சம் இடம் வேணும். அந்த மூலை சும்மாதானே கெடக்கு?"

நினைவி மூலையைப் பார்த்தாள். அங்கே ஏதோ இருந்த மாதிரி இருந்தது. எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"வெறும் இடம்தான்" என்றாள். "எடுத்துக்கோ."

அதற்குப்பின் பெட்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. மதியங்களில் திரை இருண்டது, நினைவியும் தூங்கினாள். வெறும் கறுப்புத் தூக்கம். விழித்ததும் எதையோ எங்கேயோ வைத்துவிட்டு வந்ததுபோல இருக்கும்.

புதியவன் வேலையில் சூரன். இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பழையவரின் வரிகளை ஒவ்வொன்றாக வாங்கிப் படித்தான். அ, ஆ, இ என்று அவர் வைத்திருந்த பெயர்களையெல்லாம் யாருக்கும் புரியும்படி மாற்ற உதவினான். பூங்கோதை "காளவாசல் முதல் தெரு" என்று எழுதியதும், "வாங்க, உக்காருங்க" என்று இடம் கொடுத்தான். திரையில் அந்தப் பெயர் நின்றதைப் பார்த்துப் பூங்கோதைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு சிக்கல்தான் மிச்சம் இருந்தது. தெருக்கள் கூடிவிட்டன, தொட்டி அதே தொட்டி.

அப்போதுதான் புதியவன் ஒரு வரியின் கீழ் மஞ்சள் கோடு போட்டான். நெளிநெளியாக, அழகாக இருந்தது.

"மஞ்சள்னா நல்ல சேதிதானே?" என்றாள் நினைவி. கல்யாணப் பத்திரிகை ஓரத்தில் தடவுகிற மஞ்சளைத்தான் அவளுக்குத் தெரியும். அந்தப் பெட்டியில்தான் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளில் பாதி அடிக்கப்பட்டன.

"அந்த மஞ்சள் இல்லக்கா. இந்த வரியால பிரயோசனம் இல்லைன்னு அர்த்தம். பாருங்க, தினமும் தொட்டியில ஒரு முழத் தண்ணிய எடுத்து 'மு'ன்னு பேர் வச்சுத் தனியா வைக்காரு. அதுக்கப்புறம் அந்த மு-வ எந்த வரியும் தொடலை. எதுக்குங்கய்யா அது?"

"தெரியாது" என்றார் பழையவர்.

"தெரியாமலா இத்தன வருஷம் எடுத்து வச்சீங்க?"

"எழுதியிருக்கு. வச்சேன்."

வெளியே பூங்கோதை மஞ்சள் கோட்டைப் பார்த்துவிட்டாள். "அடப்பாவிகளா, ஒரு முழத் தண்ணி சும்மா கெடக்கே!" என்றாள் வாய்விட்டு. கணக்குப் போட்டுப் பார்த்தாள். காளவாசல் தெருக்கள் எல்லாவற்றுக்கும் அது போதும். பழைய தெருக்களில் ஒரு சொட்டுக் குறைக்க வேண்டாம். அவள் விரல் அழிக்கும் விசையில் இறங்கியது. கோடும் போனது, வரியும் போனது.

நினைவிக்கு அந்த மூலையில் சுருக்கென்றது. சொல்லத்தான் அவளிடம் வார்த்தை இல்லை. பழையவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வட்டின் அறையில் போய்ப் படுத்துவிட்டார். அன்றிலிருந்து தெருப் பெயர்களைக் கூப்பிடுவது புதியவன் வேலை ஆயிற்று.

காளவாசலில் தண்ணீர் வந்த அன்றைக்கு ஆபீஸ் போன் ஓயவில்லை. "வருது பூங்கோதை, வருது!" என்பதற்குமேல் யாருக்கும் பேச்சு வரவில்லை. பின்னால் குடம் இடிபடுகிற சத்தமும் சிரிப்பும் கேட்டன. மறுநாள் பூங்கோதை முழங்கால் வரை நனைந்த சேலையோடு வேலைக்கு வந்தாள். ஜெபமணியே டீ வாங்கிக் கொடுத்தார். புதியவனுக்கு நெஞ்சு நிமிர்ந்து நின்றது. நினைவியும் சந்தோஷப்பட்டாள். தூக்கம் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

அந்த மாதம் முடிவதற்குள் ஒரு மதியம், ஊருக்கெல்லாம் தண்ணீர் விட்டு முடித்த நேரத்தில், போன் அடித்தது.

"அக்கா, நான் சுடலைவடிவு பேசுதேன். ரெண்டாம் தெரு, தையல்காரர் மூக்காண்டி மக. அப்பா போயிட்டாகக்கா." அந்தப் பெண் அழுகையை விழுங்கிக்கொண்டு பேசினாள். "நீர்மாலைக்குக் கொழாயத் திறந்துவிடுங்கக்கா. இந்தத் தடவ தேரடிக்குப் போகவேண்டாம்னு எல்லாரும் நம்ம கொழாயடியிலதான் நிக்கோம்."

"இந்தா திறக்கேன் வடிவு. அழாத" என்றாள் பூங்கோதை.

"காளவாசல் ரெண்டாம் தெரு!" என்றான் புதியவன், கணீரென்று. வால்வு திறந்தது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற எண் வந்து நினைவியின் மடியில் விழுந்தது. அது பூஜ்யம்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்னொரு முறை கேட்டு அனுப்பினாள். இன்னொரு பூஜ்யம் வந்தது.

"காத்துதான்க்கா வருது" என்றது போன். பிறகு மெல்ல, "பரவால்லக்கா. நாங்க தேரடிக்கே போயிக்கிடுதோம்" என்றாள் வடிவு.

"தேரடியிலயும் வராது வடிவு" என்றாள் பூங்கோதை. "தொட்டியே காலி."

ஆற்று மோட்டார் இனி விடிந்தால்தான் ஓடும். பூங்கோதை போனை வைக்கக்கூட இல்லை. அது மேசை விளிம்பில் தொங்கியது. செருப்பை மாட்டாமல் வெளியே ஓடினாள்.

அறை காலியாயிற்று.

"சாவு வீட்டுக்குன்னு அந்த வரியில எழுதியிருக்கலாமேக்கா" என்றான் பெட்டிக்குள் புதியவன். அழுதுவிடுவான்போல இருந்தான். "ஒரு வார்த்த எழுதியிருந்தா நான் கோடு போட்டிருப்பேனா?"

"நீ கேட்டே, அவருக்குத் தெரியலை. நீ கேட்டே, எனக்கும் தெரியலை" என்றாள் நினைவி. "நானும் ஒரு மூலையத் தூக்கிக் குடுத்தவதானே."

பொழுது சாயும் நேரத்தில் பூங்கோதை திரும்பினாள். ஜெபமணி அவளுக்காகக் காத்திருந்தார். அவள் இடுப்பெல்லாம் நனைந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபோது விசைப்பலகையின்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"என்னம்மா ஆச்சு? குளிப்பாட்டியாச்சா?"

"ஆச்சு சார். எங்க பக்கத்துல எல்லா வீட்டுலயும் ஒரு குடம் மூடி வச்சிருந்தாங்க. தண்ணியே வராத தெருவுல கெடந்தவங்கள்லா. தண்ணிக்கு என்ன தட்டுப்பாடு வந்தாலும் அந்தக் கடைசிக் குடத்துல கை வைக்க மாட்டோம். எங்க வீட்டுலயும் இருந்துச்சு. எல்லாத்தையும் கொண்டாந்து காஞ்ச கொழாயடியில இறக்கி வச்சோம். அங்கருந்து நீர்மாலை எடுத்தோம், கொட்டோட, சங்கோட." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்க தெருக் கொழாயிலருந்துதான் சார் மூக்காண்டி அண்ணாச்சிக்கு எடுத்துட்டுப் போனோம்."

ஜெபமணி விசைப்பலகையைத் தண்ணீர் சொட்டாத பக்கம் நகர்த்தி வைத்தார்.

"எங்க வீட்டுக் குடத்த நான் ஒரு நாளும் வீண்னு நெனச்சதில்ல சார். தொட்டியில இருந்தத மட்டும் நெனச்சிட்டேன்."

"சரி, இப்ப என்ன செய்ய? காளவாசல நிறுத்திருவமா?"

"வேண்டாம் சார். எல்லாத் தெருவுலயும் கொஞ்சம் கொஞ்சம் கொறைக்கேன். ஒரு முழத்தத் திரும்ப வச்சிருதேன்."

"தேரடிக்காரங்க கத்துவாங்களே."

"கத்தட்டும் சார். அவங்களுக்கும் சேத்துத்தானே."

ஜெபமணி மூலையில் கிடந்த உடைந்த நாற்காலிகளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "வச்சிரு" என்று சொல்லிவிட்டுத் தொங்கிக்கொண்டிருந்த போனை எடுத்து அதன் இடத்தில் வைத்தார்.

பூங்கோதை ஈர விரல்களால் அந்த வரியை மறுபடி எழுதினாள். எழுதி முடித்ததும் அதன் கீழே மஞ்சள் கோடு நெளிந்தது.

"பாருங்கக்கா, திரும்பவும்!" என்று புதியவன் பதறினான். "வேணும்னு செய்யலை. என் கண்ணுக்கு அப்படித்தான் தெரியுது."

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும்" என்றாள் நினைவி.

பூங்கோதை கோட்டைப் பார்த்தாள். இந்த முறை அழிக்கவில்லை. அந்த வரிக்கு மேலே, தனக்குப்பின் இந்த நாற்காலிக்கு யார் வந்தாலும் கண்ணில் படும்படி ஒன்று எழுதினாள்: "இது சாவு வீட்டுத் தண்ணீர். மஞ்சள் கோடு வரும். எடுக்க வேண்டாம்."

புதியவன் அதை இரண்டு தரம் படித்தான். பிறகு, மிச்சம் வைத்திருந்த ஒரே ஒரு சன்னலையும் சத்தமில்லாமல் சாத்தி வட்டிடம் கொடுத்தான். மூலையிலிருந்து தன் பாயைச் சுருட்டிக்கொண்டு இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"அந்த மூலைய நீங்களே வச்சுக்கிடுங்க. அங்க என்ன செய்வீங்கக்கா?"

"தெரியலையே" என்றாள் நினைவி.

மறுநாள் மதியம் பூங்கோதை சாப்பிடப் போனாள். திரை இருண்டது. நினைவி அந்த மூலையில் சுருண்டாள்.

குளிர்ந்த இருட்டு வந்து அவளைச் சூழ்ந்தது. எங்கிருந்தோ தேரடி வந்து மூக்கால் முட்டியது. மேலத் தெரு வாலை ஆட்டியது. நீச்சல் பழகாத புது மீன்கள் சில, காளவாசல் மீன்கள், அவள் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு சுற்றின. எல்லாமே அவளுக்குப் புதிது, எல்லாமே எப்போதோ பார்த்தது. அவள் மெல்ல மெல்லக் கீழே இறங்கினாள். வெளிச்சம் எட்டாத அடியில், ஒரு முழத் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

இந்த முறை அவள் குனிந்து கேட்டாள்: "நீ யாருக்காக இங்கே கிடக்கிறாய்?"

"இன்னும் போன் வரவில்லையே" என்றது தண்ணீர்.